எது ஓட்டம்?

நாள் தவறாமல் ஒரு நற்செயலைச் செய்வதென உறுதி பூணுதல் எளிது. அச்செயலின் எல்லையை வரையறுத்தல் அரிது. நாள்தோறும் ஓடுவேன் என்று ஒருவன் உறுதி பூணுகிறான். எவ்வளவு தொலைவு ஓடினால் அது ஓட்டமாகும்? நாள் என்பது எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிகிறது? ஊன்றுகோல் கொண்டு சென்றால் அது கணக்கில் சேருமா? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் தொடங்கியவன், சில நாட்களிலேயே தன்னைத் தான் ஏமாற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவான்.

சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் ஒரு சிற்றூர். அங்கே மரவள்ளிக் கொல்லைகளின் ஊடே செல்லும் வண்டிப்பாதையில், வெயில் ஏறுமுன், ஒரு மாணவன் நாள்தோறும் ஓடுகிறான் என்று கொள்வோம். ஓடிய நாளெல்லாம் நாட்காட்டியில் ஒரு கோடு இடுகிறான். 40 நாட்கள் கோடுகள் இடையறாமல் நிற்கின்றன. 41ஆம் நாள் உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்று, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறான். அன்று காலையில் பேருந்தைப் பிடிப்பதற்காகத் தெருமுனை வரை ஓடியது அவன் நினைவுக்கு வருகிறது. 'அதுவும் ஓட்டந்தானே' என்கிறது மனம். அன்றைய கட்டத்தில் அவன் கோடு இடலாமா?

இவ்வினாவை எதிர்கொண்டவர் உலகில் பலர். அவருள் முதலில் நினைக்கத்தக்கவர் இங்கிலாந்து நாட்டு ரான் ஹில். நெசவுத்தொழில் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்ற இவர், 1970ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தில் வெற்றி பெற்றவர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் தொடங்கி, நாள்தோறும் ஓடுவதை இவர் நோன்பாகக் கொண்டார். நாளொன்றுக்கு ஒரு மைலேனும் ஓடவேண்டும் என்பது இவர் தமக்கு வகுத்துக்கொண்ட எல்லை.

ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1,609 மீட்டர்; 400 மீட்டர் ஓடுகளத்தில் நான்கு சுற்றும் சில அடிகளும் ஆகும். மாரத்தான் வீரருக்கு இது மிகச் சிறிய தொலைவு. ஆயினும் இவ்வெல்லையின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். பெரிய எல்லையை வகுத்தால், பணி மிகுந்த ஒரு நாளிலேயே நோன்பு முறிந்துவிடும். எல்லையே இல்லாவிட்டால், பேருந்தைத் துரத்தியதும் ஓட்டமாகிவிடும். தளர்ந்த நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சிறிதாகவும், முயலாமல் கைகூடாத அளவுக்குப் பெரிதாகவும் அமைவதே நல்ல எல்லை.

இடையறாது ஓடுவோருக்கென அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. அச்சங்கமும் ஒரு மைலையே எல்லையாகக் கொண்டது. சாலையிலும் ஓடலாம், மேட்டிலும் ஓடலாம், வீட்டினுள் ஓடுபொறியின் மீதும் ஓடலாம். ஆனால் தன் உடல் வலிமையாலேயே ஓடவேண்டும். செயற்கைக் கால் பொருத்தியவர் அதனோடு ஓடலாம்; ஊன்றுகோலின் துணை மட்டும் கூடாது என்பது விதி. ரான் ஹில்லோ, 1993ஆம் ஆண்டில் பாதத்தில் அறுவை செய்துகொண்டபின், ஊன்றுகோலுடன் ஒரு மைல் கடந்து அதனையும் தம் கணக்கில் சேர்த்தார். சங்கத்தின் விதிப்படி அது ஓட்டமன்று. ஹில்லின் மனவுறுதியை வியப்பவரும், அந்நாளைக் கணக்கில் சேர்ப்பதா என்று தயங்குவர். எல்லையை முன்னரே தெளிவாக வகுக்க வேண்டுவது ஏன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, நாள் என்பது யாது? நம் பஞ்சாங்கம் கதிரவன் எழுவதிலிருந்து நாளைக் கணக்கிடுகிறது. கடிகாரம் நள்ளிரவிலிருந்து கணக்கிடுகிறது. சங்கத்தார் கொண்டது கடிகாரத்தின் நாளையே. எனவே, இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு மைலும், நள்ளிரவு கடந்தபின் மற்றொரு மைலும் ஓடியவன், ஒரு மணி நேரத்திற்குள் இரண்டு நாட்களின் கடனை முடித்தவனாவான். இது விதிக்குப் பொருந்தும். நோன்பின் நோக்கத்திற்குப் பொருந்துமா என்பதை ஓடுபவனே சொல்லவேண்டும்.

விதியில் இடைவெளி விட்டால் என்ன நேரும் என்பதை நம் நாட்டு வரலாறும் காட்டுகிறது. 1924ஆம் ஆண்டு டிசம்பரில், காந்தியடிகள் தலைமையில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் 2,000 கெஜம் நூல் நூற்றுத் தரவேண்டும் என விதித்தது. நோயுற்றவர் பிறர் நூற்ற நூலைத் தரலாம் என்று அவ்விதி இடங்கொடுத்தது. விருப்பமில்லாதவருக்கும் அவ்வாறே இடங்கொடுத்தது. நோயுற்றவருக்கு இரங்குதல் அறம். விருப்பமில்லாதவருக்கும் அதே சலுகை உண்டெனில், நூற்றல் என்னும் சொல்லுக்கே பொருள் ஏது? 1925ஆம் ஆண்டு செப்டம்பரில், நூலுக்கு மாற்றாக நாலணாச் சந்தா செலுத்தலாம் என்று பாட்னாவில் முடிவாயிற்று. ஓராண்டு நிறையுமுன்பே அவ்விதி தளர்ந்தது.

அதே 1925ஆம் ஆண்டில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கே கதர்ப்பணி முதலிடம் பெற்றது. நூற்றவர் வாய்ச்சொல்லால் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இராட்டையில் சேர்ந்த நூலே சான்றாக நின்றது. ஓடுபவனுக்கோ அத்தகைய சான்று ஒன்றும் இல்லை. அவன் கால்தடத்தைக் காற்று அழித்துவிடும். எஞ்சுவது அவன் நெஞ்சும் அவன் இட்ட கோடுமே.

ரான் ஹில்லின் நோன்பு முடிந்த வகையையும் அறிதல் வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் ஓடும்பொழுது அவருக்கு நெஞ்சில் வலி கண்டது. அந்த ஒரு மைலை முடித்தார், அதன்பின் நிறுத்திக்கொண்டார். 52 ஆண்டும் 39 நாளும் காத்த நோன்பு அது. அப்பொழுது அவருக்கு வயது 78. உடலைக் காக்க எழுந்த நோன்பு உடலையே மாய்க்கலாகாது. நெஞ்சு வலித்த பின்னும் ஓடுவதை நாம் பின்பற்றவேண்டியதில்லை. தக்க பொழுதில் நிறுத்தியதையே பின்பற்றவேண்டும்.

இப்பொழுது நம் மாணவனிடம் திரும்புவோம். அவன் எல்லையை முன்னரே எழுதி வைத்திருந்தால் அவனுக்கு ஐயமே எழாது. தெருமுனை ஒரு மைல் அன்று. இரவு ஒன்பது மணிதான் ஆகிறது. நாள் முடிய இன்னும் மூன்று மணி நேரம் உண்டு. உடல் நலமாயின், தெருவிளக்கின் ஒளியில் ஒரு மைல் ஓடிவிட்டு வந்து கோடு இடலாம். இயலாதாயின், கட்டத்தை வெறுமையாக விட்டு, மறுநாள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கலாம். பொய்க்கோடு ஒன்று இட்டால், முன்னர் இட்ட 40 கோடுகளையும் அவனே நம்பமாட்டான்.

ஓட்டமாயினும், படிப்பாயினும், வேறு எந்த நோன்பாயினும், தொடங்கும் நாளிலேயே அதன் எல்லையை ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். பின்னர் மனம் வழக்காட வரும்பொழுது, அப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.