ஊட்டி சைக்கிள் பந்தயத்துக்குக் கூடாரத்தோடு கிளம்புகிறீர்களா?

2008-இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ சைக்கிள் பயணம் பெரும்பாலும் டிசம்பரில் நடக்கும். பல நாள் ஓட்டத்தில் சில பகுதிகளுக்கு மட்டும் நேரம் குறித்துப் போட்டி வைப்பார்கள். திருச்சி பாலக்கரையிலிருந்து சனி, ஞாயிறு போய்ப் பார்த்து வரலாம். ஆனால் நம் ஊர் வெக்கைக்குப் பழகிய சமையல், படுக்கைப் பழக்கங்கள் 2,240 மீட்டர் உயரத்தில் அப்படியே செல்லாது.

1. சொந்த வண்டி என்றால் முதல் வேலை இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

2. தேங்காய் எண்ணெயைக் குறுகிய வாய்ப் பாட்டிலில் எடுக்காதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும்; அகலவாய் டப்பாவே சரி. சைக்கிள் செயினுக்கும் அதைப் போட வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும்.

3. அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரம் பிடிக்கும், சோறும் நடு அரிசியாக நிற்கும். சின்ன குக்கர் ஒன்று அவசியம். வீட்டில் வைப்பதைவிட ஒரு விசில் கூட விடுங்கள். இட்லி மாவை இங்கேயே புளிக்க வைத்துக்கொண்டு போங்கள், அந்தக் குளிரில் ஓரிரவில் பொங்காது. தயிரும் அப்படித்தான், அங்கே எளிதில் உறையாது. முதல் நாளுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் போதும். காந்தி மார்க்கெட்டில் மூட்டையாகக் காய்கறி வாங்கிக்கொண்டு மலையேறுவது வீண். கேரட்டும் உருளையும் விளைகிற ஊர் அது.

4. கேன் அடுப்பு விடியற்காலையில் மக்கர் செய்யும். பியூட்டேன் வாயு பூஜ்ய டிகிரியை ஒட்டிச் சரியாக ஆவியாகாது. கேனைத் துணி மூட்டைக்குள் சுற்றி வையுங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்கவே கூடாது. ரயிலில் போனால் கேஸ் எதையும் கொண்டுபோக அனுமதி இல்லை.

5. கூடாரத்துக்குள் அடுப்போ கரிச்சட்டியோ வைக்காதீர்கள், எவ்வளவு குளிர்ந்தாலும். கொடைக்கானலில் 2024-இல் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது தூங்குகிறவரை எழுப்பாது.

6. குளிர் மேலே இருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். அடியில் தார்ப்பாய், அதன்மேல் முசிறிப் பக்கத்துக் கோரைப்பாய், பிறகு ஜமுக்காளம். இரண்டாவது போர்வையை மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது நல்ல பலன் தரும்.

7. பள்ளமான புல்வெளி பார்க்க அழகாக இருக்கும், அங்கே கூடாரம் போடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் வந்து தேங்கும். ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தாப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுவது இதனால்தான். சற்றே மேடான, அனுமதி பெற்ற முகாம் இடமாகப் பாருங்கள். வனத்துறை நிலத்தில் இஷ்டத்துக்குக் கூடாரம் போட முடியாது.

8. எண்ணெய், வெல்லம், பழம் எதுவும் கூடாரத்தில் இருக்கக் கூடாது. கோத்தகிரிப் பக்கம் கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகவே கரடி வந்து போகும். எல்லாவற்றையும் காருக்குள் பூட்டுங்கள்.

9. மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வீரர்களின் உண்மையான பரீட்சை அங்கேதான். பந்தயப் பாதை ஆண்டுதோறும் மாறும், முன்கூட்டியே விசாரியுங்கள். கீழே காட்டுப் பகுதியில் வண்டியை விட்டு இறங்காதீர்கள். பார்க்க நிற்பதென்றால் வளைவின் வெளி ஓரம் வேண்டாம். வேகமாக இறங்குகிற சைக்கிள் அங்கேதான் ஒதுங்கும். ஊட்டியிலிருந்து வெளியூர் வண்டிகள் கல்லட்டி வழியாக இறங்க அனுமதி கிடையாது, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும்.

10. நீங்களே சைக்கிள் கொண்டுபோனால், இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வராதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். விட்டுவிட்டுப் பிடியுங்கள். வியர்த்த பனியனோடு இறங்கினால் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். சட்டைக்குள் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சுப் பந்தய வீரர்கள் மலை உச்சியில் செய்தது இதைத்தான். பழகுவதற்குக் கொல்லிமலையின் 70 வளைவுகள் இருக்கின்றன, பச்சமலை இன்னும் பக்கம். திருச்சிக்குள் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான், அது கணக்கில் சேராது.

11. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கேரி பேக்கும் நீலகிரி மாவட்டத்தில் தடை. சோதனைச்சாவடியிலேயே பறிமுதல் செய்வார்கள், அபராதமும் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் இரண்டு துணிப்பையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.