விழுந்த வரியில் தேடாதீர்கள்

கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு,

பள்ளியில் லிட்டில் கைட்ஸில் பிளெண்டர் பழகிய நீங்கள் இப்போது சி பிளஸ் பிளஸில் எழுதி, திரையில் மழையைப் பொழியவைக்கிறீர்கள். கேரளப் பள்ளிகளில் 2018இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு இது நல்ல அறுவடைதான்.

துளிகள் பெருகும்போது நிரல் கிராஷ் ஆகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வரியில் என்கிறீர்கள். அந்த வரிகளைச் சுற்றி நீங்கள் போட்ட பாயிண்ட்டர் சோதனைகளை எடுத்துவிடுங்கள். விழும் வரி மாறிக்கொண்டே இருப்பதுதான் துப்பு. மெமரி அதற்கு முன்பே, வேறெங்கோ கெட்டுவிட்டது.

என் சந்தேகம் வெக்டர் மேல். துளிகளை அதில் அடுக்கி, ஒவ்வொன்றின் முகவரியையும் தனியாகப் பிடித்துவைத்திருக்கிறீர்கள். இடம் போதாவிட்டால் வெக்டர் பெரிய இடமாகப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பழையதை விட்டுவிடும். உங்கள் கையில் இருப்பது காலி செய்த வீட்டின் முகவரி. வேறு யாரும் குடிவராத வரை எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். முகவரிக்குப் பதில் வரிசை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் சந்தேகத்தை நம்பித் திருத்த வேண்டாம். அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்து கம்பைல் செய்யுங்கள். ஜிசிசியிலேயே இருக்கிறது. தவறாகத் தொட்ட இடம், விடுவித்த இடம், முதலில் ஒதுக்கிய இடம், மூன்றையும் காட்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகும், பரவாயில்லை. இதே வேலைக்கான இன்னொரு கருவி வால்கிரைண்ட், பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடவேண்டிய நிரலில் சில பிழைகள் அந்த வேகத்தில் தலைகாட்டுவதே இல்லை. முடிவில் கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயரில் மெமரி கசிவு என்று புகார் வரலாம். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

விண்டோவின் அளவை மாற்றினாலும் நிரல் விழுகிறது என்றீர்களே, அது வேறு கதை. ஜிபியுவுக்குள் நடப்பதைச் சானிடைசர் பார்க்காது. சிபியு கட்டளைகளைக் கொடுத்துவிட்டு அடுத்த ஃபிரேமுக்குப் போய்விடும். ஜிபியு ஒன்றிரண்டு ஃபிரேம் பின்னால் வந்துகொண்டிருக்கும். அளவு மாறும்போது, அது இன்னும் பயன்படுத்தும் படத்தை நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். ஓப்பன்ஜிஎல்லில் இதை டிரைவரே கவனித்துக்கொள்ளும். 2016இல் வந்த வல்கனில் பொறுப்பு உங்கள் தலையில். ஃபென்ஸ் வழியாக ஜிபியு முடித்ததை உறுதிசெய்துகொண்டு அழியுங்கள். வேலிடேஷன் லேயரைப் போட்டால் பெரும்பாலும் அதுவே கத்திக் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் ஜிபியு முடிக்கும்வரை காத்திருந்தால் கிராஷ் நிற்கும்தான், மழையும் திக்கும். சோதனைக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

சானிடைசர் அறிக்கையை முழுதாக அனுப்புங்கள். கடைசி வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.