பழைய டிராக்டர் கிளம்ப மறுத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

ஐப்பசியில் நல்ல மழை பெய்து இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் மானாவாரி நிலத்தில் உழவுப் பதம் கிடைக்கிறது. அந்தப் பதம் சில நாட்களே நிற்கும். அந்த நேரம் பார்த்து டிராக்டர் கிளம்பாவிட்டால் விதைப்பு தள்ளிப் போகிறது. அக்கம்பக்கத்தில் வாடகை வண்டியும் கிடைப்பதில்லை.

1970களிலும் 1980களிலும் தமிழகத்துக்கு வந்த மேசி பெர்குசன் 1035 போன்ற மூன்று சிலிண்டர் டிராக்டர்கள் பல, கைமாறிக் கைமாறி இன்று சிறு விவசாயிகளிடம் இருக்கின்றன. வலுவான வண்டிகள்தான். ஆனால் வயதான வண்டிகளுக்கு உரிய குறை ஒன்று உண்டு. மாலையில் சூடாக நிறுத்தியதும் மறுபடி ஒரே தட்டில் கிளம்பும் வண்டி, மறுநாள் காலையில் பத்து முறை செல்பு அடித்தாலும் அசைவதில்லை. பேட்டரி இறங்கிப் போன பிறகு நாலு பேர் கூடித் தள்ளுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் "பம்பைப் பிரிக்க வேண்டும், என்ஜினை இறக்க வேண்டும்" என்ற பேச்சு தொடங்குகிறது.

பம்பைப் பிரிப்பதும் என்ஜினை இறக்குவதும் கடைசியில் செய்ய வேண்டியவை. லூசான பேட்டரி ஒயர், அடைத்த பில்டர், டீசல் குழாயில் புகுந்த காற்று ஆகிய செலவில்லாத காரணங்களை முதலில் வரிசையாகப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். அந்த வரிசை தெரிந்தால் வீண் செலவையும் வீணாகும் நாட்களையும் தவிர்க்கலாம்.

டீசல் என்ஜின் எப்படித் தீப்பிடிக்கிறது?

பெட்ரோல் என்ஜினைப் போல டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 18 பங்கில் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகிறது. அதில் நாசில் டீசலைப் புகைபோல் பீச்சியதும் அது தானே தீப்பிடிக்கிறது.

ஆகவே வண்டி கிளம்ப நான்கு தேவை. என்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். காற்றுக் கலக்காத சுத்தமான டீசல் நாசில்வரை வர வேண்டும். தடையில்லாமல் காற்று உள்ளே போக வேண்டும். அழுத்தும்போது காற்று கசியாமல் இருக்க வேண்டும். இதைத்தான் கம்ப்ரஷன் என்கிறோம்.

என்ஜின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தப்படும் காற்று ரிங் வழியே கசிய நேரம் கிடைக்கிறது. அதன் சூட்டையும் குளிர்ந்த இரும்பு உறிஞ்சிவிடுகிறது. டீசல் பற்றும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. அதனால்தான் பேட்டரியில் உள்ள கோளாறு பல வேளைகளில் என்ஜின் கோளாறு போலத் தோற்றம் தருகிறது.

காதும் கண்ணும் சொல்வது

செல்பு அடிக்கும்போது இரண்டைக் கவனித்தால் பாதிக் கோளாறு பிடிபடும். என்ஜின் விறுவிறுவென்று சுற்றுகிறதா, முக்கி முக்கிச் சுற்றுகிறதா என்பது முதலாவது. முக்கினால் டீசல் பக்கம் போகவே வேண்டாம். பேட்டரியையும் ஒயரையும் பார்க்க வேண்டும்.

நன்றாகச் சுற்றியும் கிளம்பாவிட்டால் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. கம்ப்ரஷன் குறைவு, டைமிங் மாற்றம், டீசலில் தண்ணீர் ஆகியவற்றில் ஒன்று காரணம். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது நாசில் சரியாகப் பீச்சவில்லை. கிளம்பிய பின் நீலப் புகை நின்றால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

பேட்டரியும் ஒயரும்

முன் விளக்கைப் போட்டுவிட்டுச் செல்பு அடித்துப் பார்க்கலாம். விளக்கு அணைவதுபோல் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது செல்பு மோட்டார் இறுகியிருக்கிறது. விளக்கு பிரகாசம் குறையாமல் எரிந்து, என்ஜினும் சுற்றாவிட்டால் சுவிட்சு, சோலனாய்டு அல்லது அவற்றின் ஒயரில் தொடர்பு விட்டிருக்கிறது.

பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. எர்த் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். முனைகளை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புக் காகிதத்தால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாஸ்லைன் தடவ வேண்டும். பூட்டும்போது எர்த் ஒயர் கடைசியாக வர வேண்டும். அந்த ஒயரின் மறுமுனை வண்டியின் உடலில் சேரும் இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே துருவும் பெயிண்டும் இருந்தால் புதுப் பேட்டரி போட்டாலும் பயனில்லை.

பத்து விநாடி செல்பு அடித்தபின் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எந்த இணைப்பு சுடுகிறதோ அங்கேதான் குறை. பழைய ஒயர் அறுந்தபோது யாராவது மெல்லிய ஒயர் போட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மீட்டர் வைத்துப் பார்ப்போருக்கு: சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்ய வேண்டும். செல்பு அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது செல்பு மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீர் ஆகாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வெடிக்கக் கூடிய வாயு வருவதால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

டீசலும் அதில் புகும் காற்றும்

என்ஜின் நன்றாகச் சுற்றியும் புகை வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது என்ஜினை நிறுத்தும் கம்பி. இழுத்து நிறுத்தும் இந்தக் கம்பி துருப்பிடித்துப் பம்பின் பக்கத்தில் இழுத்த நிலையிலேயே நின்றுவிடுவது உண்டு. குமிழை உள்ளே தள்ளினால் மட்டும் போதாது. பம்பில் உள்ள லீவரும் திரும்பியதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்து டேங்க் திருகு திறந்திருக்கிறதா, டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளை அடைத்தால் வண்டி கிளம்பிச் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் மறுபடி ஓடும். இந்தக் குறிப்பை வைத்தே கோளாறைக் கண்டுகொள்ளலாம்.

டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் டீசலை இழுக்கும் அழுத்தமே இருக்கிறது. அங்கே வாஷர் தேய்ந்தாலோ இணைப்பு லூசானாலோ டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே புகும். இரவெல்லாம் டீசல் மெல்லப் பின்னால் இறங்கிவிடுவதால் காலையில் குழாய் காலியாக இருக்கிறது. கசிவு தெரியவில்லை என்பதால் இந்தப் பகுதியை விட்டுவிடக் கூடாது. செப்பு வாஷர்களை மாற்றி, வெடித்த ரப்பர் குழாயையும் மாற்றினால் போதும், செலவு சொற்பம்.

புகுந்த காற்றை எடுக்கும் முறை:

1. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். பில்டர், பம்பு, குழாய் முனைகளைத் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும்.

2. பில்டரின் மேலுள்ள காற்றெடுக்கும் திருகைச் சிறிது தளர்த்தி, பீட் பம்பின் கை லீவரை அடிக்க வேண்டும். குமிழியோடு வரும் டீசல், குமிழி இல்லாமல் வந்ததும் அடிப்பதை நிறுத்தாமலே திருகை இறுக்க வேண்டும். இரண்டு பில்டர் இருந்தால் டேங்கை ஒட்டியதை முதலில் எடுக்க வேண்டும்.

3. கை லீவர் பிடிப்பில்லாமல் தொளதொளவென்று ஆடினால் பீட் பம்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே உள்ள கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் பிடிக்கும்.

4. பம்பின் மேலுள்ள திருகிலும் அதே போல எடுக்க வேண்டும்.

5. நாசில் பக்கத்தில் மூன்று குழாய் நட்டுகளையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுமையாகத் திறந்து, கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு செல்பு அடிக்க வேண்டும். டீசல் துள்ளி வந்ததும் நட்டுகளை இறுக்க வேண்டும்.

டீசல் பீச்சும் இடத்தில் கையை வைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

பில்டரை மாற்றிப் பல மாதமாகியிருந்தால் காற்றெடுக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. காற்றெடுத்த வண்டி இரண்டு நாளில் மறுபடி அதே கோளாறு காட்டினால் காற்றுப் புகும் ஓட்டை இன்னும் இருக்கிறது என்றே பொருள்.

காற்று வடிகட்டி

புழுதி உழவு செய்யும் காலத்தில் ஆயில் தொட்டி வகை வடிகட்டியைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் சேறுபோல் கெட்டியானால் கொட்டிக் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். சில வண்டிகளில் காற்று செல்லும் வழியில் சூடேற்றும் ஹீட்டர் உண்டு. அது சூடாகிறதா என்று பார்த்துக்கொண்டால் மார்கழிப் பனிக்கு உதவும்.

கடைசியில்தான் கம்ப்ரஷன்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும், சூடானபின் எளிதாகக் கிளம்பும் வண்டி குளிர்ந்தபின் வெள்ளைப் புகை விட்டு மறுத்தால் அப்போது ரிங், லைனர், வால்வு தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது என்ஜின் மூச்சுக் குழாயில் புகை குபுகுபுவென்று வருவதும், ஆயில் அடிக்கடி குறைவதும் அதற்குத் துணைச் சாட்சி. அப்போதும் உடனே என்ஜினை இறக்காமல் முதலில் வால்வு இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்து, நாசில்களைச் சோதனைப் பம்பில் வைத்துப் பார்த்து, கம்ப்ரஷன் மீட்டரால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கச் சொல்ல வேண்டும். அளக்காமல் பிரிக்க ஒப்புக்கொள்ளக் கூடாது.

இதற்கு மாறாக, காலையில் கிளம்பும் வண்டி சூடானபின் கிளம்ப மறுத்தால் பம்பின் உள்பாகம் தேய்ந்திருக்கலாம். சூட்டில் இளகிய டீசல், தேய்ந்த இடத்தில் நழுவிவிடுகிறது. இந்த வேலையைச் சோதனை மேடை உள்ள பட்டறையிலேயே செய்ய வேண்டும்.

உயிருக்கு ஆபத்தானவை

வண்டியின் பக்கத்தில் தரையில் நின்றுகொண்டு, செல்பு மோட்டாரின் முனைகளை ஸ்குரூ டிரைவரால் இணைத்துக் கிளப்பும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கியர் விழுந்திருந்தால் வண்டி உடனே நகர்ந்து, நிற்பவர் மீது பின் சக்கரம் ஏறிவிடும். இருக்கையில் உட்கார்ந்து, நியூட்ரலில் வைத்து, கிளச்சை மிதித்தே கிளப்ப வேண்டும். கிளச்சை மிதித்தால் கியர் பெட்டியின் சுமை குறைந்து என்ஜினும் வேகமாகச் சுற்றும்.

பெட்ரோல் நனைத்த துணியைக் காற்று வழியில் பிடிப்பதும், அங்கே தீப்பந்தம் காட்டுவதும் கூடாது. பெட்ரோல் ஆவி முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும், ஆளையும் சுடும். செல்பைத் தொடர்ந்து 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி அடிக்க வேண்டும்.

வராமல் காக்க

வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டால் இரவில் டேங்கின் உட்புறம் நீர் வேர்ப்பது குறையும். கேனில் வாங்கிய டீசலைத் தெளியவிட்டு, வடிகட்டி ஊற்ற வேண்டும். கேனின் அடிக்கசடை ஊற்றக் கூடாது. பில்டரின் அடியிலுள்ள கிண்ணத்தில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை வடிக்க வேண்டும். பல வாரம் ஓடாமல் நிற்கும் வண்டியில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றி வைக்கலாம்.

மழைக்கு முன், புரட்டாசியிலேயே ஒரு நாள் ஒதுக்கி இவற்றைச் சரிபார்ப்பது நல்லது. ஐயம் உள்ளவர்கள் தங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகிக் கேட்கலாம். ஒரு ஜோடி ஸ்பேனர், சில செப்பு வாஷர்கள், ஒரு மாற்று பில்டர் ஆகியவற்றை வீட்டில் வைத்திருக்கும் விவசாயி, பதம் கிடைத்த நாளில் மெக்கானிக்குக்காகக் காத்திராமல் உழவைத் தொடங்கலாம்.