அறையை வாடகைக்கு விடுமுன்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய குரல்செய்தியைக் கேட்டேன். காலியாகக் கிடக்கும் அறையைத் தீபாவளி, தைப்பூசச் சமயத்தில் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடலாம் என்று உன் சிநேகிதி சொன்னாளாம். வந்து போகிறவர்கள் வீட்டை அலங்கோலம் செய்யாமல் இருக்க என்ன விதி போடலாம் என்று கேட்கிறாய். விதி கிடக்கட்டும், முதலில் அந்த நாள் கணக்கை மறந்துவிடு.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரு அறையானாலும் முழு வீடானாலும் குறைந்தது 6 மாதத்துக்குத்தான் விட முடியும். அதற்கும் கழகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தனியார் வீடுகளுக்கும் அதே 6 மாதம்தான் இருந்தது. 2017 ஜூனில் அதை 3 மாதமாகக் குறைத்தார்கள், அதற்குக் கீழே இறங்கவில்லை. 2018-இல் ஒரு கொண்டோவில் நான்கு வீடுகளை ஏர்பிஎன்பி இணையத்தளம் வழியாக நாள் வாடகைக்கு விட்ட இரண்டு பேருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் போட்டார்கள். மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகும், 2019-இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் விதியைத் தளர்த்த மறுத்துவிட்டது. வீவக வீடென்றால் வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம்கூடக் கழகத்துக்கு உண்டு. நீயும் மாப்பிள்ளையும் சிபிஎஃப் சேமநிதியிலிருந்து மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை நாலு நாள் வாடகைக்காகப் பணயம் வைக்காதே. சொந்தக்காரர்கள் வந்து காசில்லாமல் தங்குவது வேறு விஷயம். காசு வாங்கிக்கொண்டு படுக்க இடம் கொடுப்பது ஹோட்டல் தொழில். அதற்கு டன்லப் ஸ்திரீட்டிலும் டிக்சன் ரோட்டிலும் உரிமம் வாங்கிய விடுதிகள் வரிசையாக இருக்கின்றன.

ஆகவே ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டால், உன் வீட்டுக்கு வரப்போவது அத்தனை நாளும் கூடவே இருக்கப்போகும் பெண். எஸ் பாஸ் வேலை அனுமதியில் வந்த நர்ஸோ, அலுவலகத்துக்குப் போகிற பிள்ளையோ யாராவது வரலாம். நாலு நாள் தங்கினவர் போனபின் ஒரு தடவை தேய்த்துக் கழுவினால் தீர்ந்தது. இவள் தினமும் உன் அடுப்பில் தாளிப்பாள், உன் குளியலறையில் தலை குளிப்பாள். இதில் மனஸ்தாபம் வந்தால் ஒப்பந்தம் முடியும்வரை ஒரே கூரைக்கு அடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

நீ எழுதி வைத்திருக்கும் விதித் தாளையும் பார்த்தேன். ‘வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்’ என்று போட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு முடியாது என்று யார் சொல்வார்கள்? எல்லாரும் தலையாட்டுவார்கள், அவரவர் அம்மா வீட்டில் பழகினபடி நடப்பார்கள். வேலையைச் சொல்லு, நேரத்தைச் சொல்லு, எந்தத் துணியால் துடைப்பது என்பது வரை சொல்லு. தாளித்த கையோடு அடுப்பைச் சுற்றியும் பின்னால் இருக்கும் சுவர் ஓடுகளையும் துடைத்துவிட வேண்டும், எண்ணெய் காய்ந்து மஞ்சளாகப் பிடித்துவிட்டால் சனிக்கிழமை முழுதும் தேய்த்தாலும் போகாது. குளித்து முடித்ததும் தண்ணீர் போகும் சல்லடையில் சேர்ந்த முடியை எடுத்துக் குப்பையில் போட வேண்டும், ஓட்டைக்குள் தள்ளக் கூடாது. சாப்பாட்டு மிச்சத்தைப் பையில் போட்டு, இறுகக் கட்டி, அன்று ராத்திரியே குப்பைக் குழாயில் போட்டுவிட வேண்டும். உங்கள் பழைய புளோக்கில் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. கட்டாமல் கொட்டினால் கரப்பான் நேரே உன் அரிசி டப்பாவுக்குத்தான் வரும். இப்படி நாலைந்து வேலை போதும். இருபது எழுதினால் ஒன்றுமே நடக்காது.

வருகிறவளிடம் தாளை நீட்டிவிட்டு வந்துவிடாதே. முதல் நாள் சமையலறையில் நின்று கையோடு காட்டிக் கொடு. எந்தத் துணி மேடைக்கு, எந்தத் துணி தரைக்கு, பிளீச் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பாதிச் சண்டை வராது. துடைப்பம், பிளீச், குப்பைப்பை எல்லாம் உன் செலவு. பத்து வெள்ளி சாமான் வாங்கிப் போடாமல் அவள் சுத்தமில்லை என்று என்னிடம் வந்து புலம்பாதே. அவள் வருமுன் அறையையும் குளியலறையையும் நீயே பளிச்சென்று ஆக்கிப் படம் எடுத்து வை. எந்த நிலையில் கொடுத்தாயோ அதைத்தான் திருப்பிக் கேட்க முடியும்.

வெளிநாடுகளில் நாள் வாடகை வீடுகளில் ஒரு கூத்து நடந்தது. துப்புரவுக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, போகும்போது விரிப்பைத் துவைத்துப் போடு, வீட்டைக் கூட்டிவிட்டுப் போ என்று சுவரில் பட்டியலும் ஒட்டினார்கள். திட்டுத் தாங்காமல் 2022 நவம்பரில் ஏர்பிஎன்பி நிறுவனமே தலையிட்டது. விளக்கை அணைப்பது, மீந்த சாப்பாட்டைக் குப்பையில் போடுவது, கதவைப் பூட்டுவது போன்றவற்றைக் கேட்கலாம், படுக்கையை உருவு, துணி துவை, வேக்கூம் போடு என்றெல்லாம் கேட்பது நியாயமில்லை என்று சொன்னது. உனக்கும் அது பொருந்தும். வாரம் ஒருமுறை வீடு துடைக்க ஆள் வைத்து அந்தச் செலவை வாடகையில் சேர்த்தால், குளியலறையைத் தேய்க்கச் சொல்லி அவளை ஏவாதே. ஆள் வைக்கவில்லை என்றால் முறை போட்டுக்கொள்ளுங்கள், உன் முறையையும் அதில் எழுது.

சுத்தத்தின் பெயரில் வேறு எதையும் உள்ளே நுழைக்காதே. 2011 ஆகஸ்ட்டில் இங்கே பெரிய பேச்சாக இருந்த குழம்பு விவகாரம் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்றுக்குப் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் வைக்கும் குழம்பின் வாசனை பிடிக்கவில்லை. விஷயம் சமூக சமரச நிலையம் வரை போனது. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாதபோது மட்டும் குழம்பு வைப்பது என்று முடிந்ததாம். செய்தி வெளிவந்ததும் ஊரே கொதித்து, ஆகஸ்ட் 21 ஞாயிற்றுக்கிழமை சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லாரும் வேண்டுமென்றே ஒரு சட்டி குழம்பு வைத்தார்கள். இந்தியருக்கு அறை இல்லை என்று விளம்பரம் போடுகிறவர்களும் சமையல் வாசனையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு வளர்ந்த நாம், பிலிப்பினோ பெண் கருவாடு வறுத்தால் ‘அசுத்தம்’ என்று சொல்லலாமா? உன் மாமியார் புழங்கும் சமையலறையில் கவிச்சி கூடாது என்றால், இது எங்கள் வீட்டுப் பழக்கம் என்று அறை பார்க்க வரும்போதே சொல்லிவிடு. ஒத்துக்கொள்கிறவள் வருவாள். வந்த பிறகு மூக்கைச் சுளிப்பது அழகில்லை.

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதை மட்டும் நம்பவும் கூடாது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், தெளிந்த தண்ணீர் 20 காசு நாணயம் அளவு தேங்கினால் போதும். உன் துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, ஏசியிலிருந்து சொட்டும் வாளி, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகும் குழாய் எல்லாம் அதற்கு வசதி. கழி இல்லாதபோது அந்தக் குழாயை மூடி வை. தேசியச் சுற்றுப்புற வாரியத்து ஆட்கள் வந்து புழுவைப் பார்த்துவிட்டால் அபராதம் 200 வெள்ளியில் தொடங்கும். அப்போது வாளி வைத்தது யார் என்று நீங்கள் இருவரும் வாசலில் நின்று வழக்காடுவது பார்க்க நன்றாக இருக்காது. அதனால் தண்ணீர் பார்க்கும் வேலையை நீயே வைத்துக்கொள், பழகினவள் நீதான்.

முன்பணம் ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை என்பது இங்கே வழக்கம். அது உன் காசு இல்லை என்று நினைத்துக்கொண்டே வாங்கு. ஒரு வருஷம் புழங்கினால் சுவரில் கை பட்ட இடம் மங்கும், மெத்தை கொஞ்சம் அமுங்கும். அதற்கெல்லாம் முன்பணத்தில் பிடிக்கக் கூடாது. கறை, உடைசல் என்றால் பழைய படத்தையும் ரசீதையும் காட்டிப் பிடி. 2 வருஷத்துக்கு உட்பட்ட குடியிருப்பு ஒப்பந்தத் தகராறு 20,000 வெள்ளி வரை சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே உன் வாய்ச்சொல்லைவிடப் படம்தான் பேசும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் முத்திரை வரியை 14 நாளுக்குள் கட்டிவிடச் சொல். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 1,200 வெள்ளி அறைக்கு ஒரு வருஷத்துக்கு 57 வெள்ளி வரும். வழக்கமாகக் குடிவருகிறவர்தான் கட்டுவார். வாடகை வருமானத்தை நீயும் மாப்பிள்ளையும் அவரவர் பங்குக்கு வரிக்கணக்கில் காட்ட வேண்டும், அதை இப்போதே அவர் காதில் போட்டு வை. திருத்திய தாளை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்க வருவேன், அப்படியே உன் வீட்டுக்கு வந்து அந்தக் குளியலறைச் சல்லடையையும் பார்த்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
அத்தை