டென்னி குடும்பமும் எஃகுக் கலங்களும்: டம்பார்டன் கப்பல் கட்டும் நிறுவனத்தின் வரலாறு (1844–1963)

ஆய்வுச் சுருக்கம்

ஸ்காட்லாந்தின் டம்பார்டன் நகரில் டென்னி சகோதரர்கள் தொடங்கிய கப்பல் கட்டும் நிறுவனம் 119 ஆண்டுகள் இயங்கியது. மரத்திலிருந்து இரும்புக்கும், இரும்பிலிருந்து எஃகுக்கும் கலத்தொழில் மாறிய காலத்தில் இந்நிறுவனம் முன்னணியில் நின்றது. அதன் வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்த எஃகு, அளந்தறியும் முறை, வாடிக்கை நிறுவனங்களில் கொண்ட பங்குடைமை ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. முதலிரண்டும் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றத்தக்க அறிவாக நின்றன. மூன்றாவது பேரரசு நிலைத்த வரையிலேயே நின்றது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: எஃகுக் கலம், குடும்ப நிறுவனம், டென்னி, மாதிரிச் சோதனைத் தொட்டி, ஐராவதி.

முன்னுரை

கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, திமில் எனப் பல சொற்களைக் கொண்ட தமிழில் கலங்களின் பெயர்கள் குறித்தும் கடல் வணிகம் குறித்தும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. தொழிற்புரட்சிக்குப் பிந்தைய உலோகக் கலங்களின் வரலாறு அந்த அளவுக்குத் தமிழில் எழுதப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பர்மாவுக்குச் சென்ற தமிழர் பயணம் செய்த ஆற்றுக் கலங்களிற் பல டம்பார்டனில் வடிவமைக்கப்பட்டவை. ஆதலின், அக்கலங்களைக் கட்டிய குடும்பத்தின் வரலாறு தமிழர் புலம்பெயர்வு வரலாற்றோடும் தொடர்புடையதாகிறது.

குடும்பத் தொழில் என்றவுடன், தந்தையின் கைத்திறனை மகன் பெறுவது என்ற பொருளே முதலில் தோன்றும். ஆனால் மூலப்பொருளே மாறிவிடும்போது தந்தையின் கைத்திறன் மகனுக்கு எவ்வாறு பயன்படும்? டென்னி நிறுவன வரலாற்றை இவ்வினாவின் வழி அணுகலாம்.

தொடக்கம்

கிளைடு ஆற்றோடு லீவன் ஆறு கலக்குமிடத்தில் டம்பார்டன் அமைந்துள்ளது. அங்கு மரக்கலம் கட்டிய வில்லியம் டென்னி என்பவரின் மக்களான வில்லியம், அலெக்சாண்டர், பீட்டர் ஆகிய மூவரும் 1844ஆம் ஆண்டு டென்னி சகோதரர்கள் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். மரத்தை அறிந்த குடும்பம் இரும்பு நீராவிக் கலங்களைக் கட்ட முற்பட்டது இத்தலைமுறையில்தான். மூத்தவர் வில்லியம் 1854இல் மறைந்தார். அதன்பின் பீட்டர் டென்னி தலைமையேற்று, 1895இல் தாம் இறக்கும் வரை நிறுவனத்தின் தூணாக விளங்கினார்.

இடைமாற்றக் காலத்தின் சான்றாகக் ‘கட்டி சார்க்’ என்னும் பாய்மரக் கப்பலைச் சுட்டலாம். இரும்புச் சட்டகத்தின்மேல் மரப்பலகை பொருத்திய கலம் அது. அதனைக் கட்டத் தொடங்கிய ஸ்காட் – லிண்டன் நிறுவனம் பணமுடையால் நொடித்துப்போகவே, 1869இல் அதனைக் கட்டி முடித்தவர்கள் டென்னி குடும்பத்தினரே.

எஃகுக்கு மாறுதல்

1870களில் சீமன்ஸ் – மார்ட்டின் உலைமுறையால் சீரான தரமுடைய மென்னெஃகு பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. தேனிரும்பினும் வலிமை மிக்கதாகலின், அதே பணிக்கு மெல்லிய தகடு போதுமானது. கப்பல்களின் தரத்தை மதிப்பிடும் லாயிட்ஸ் பதிவகம், எஃகுக் கலங்களின் தகட்டுப் பருமனை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைத்துக்கொள்ள இசைந்தது. உடற்பகுதியின் எடை குறைந்தால் ஏற்றும் சரக்கின் எடையைக் கூட்டலாம். எனினும் எஃகின் விலை மிகுதியாக இருந்தது. முன்பு வந்த எஃகு வகைகள் திடீரெனப் பிளந்த அனுபவத்தால் கப்பல் உடைமையாளர் தயங்கினர்.

இத்தயக்கத்தை உடைத்த கலம் 1879இல் டென்னி நிறுவனம் நியூசிலாந்தின் யூனியன் நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குக் கட்டித்தந்த ‘ரோட்டோமஹானா’. பெருங்கடலில் செல்லும் வணிகக் கப்பல்களுள் மென்னெஃகால் கட்டப்பட்ட முதற்கப்பலாக இது கருதப்படுகிறது. விரைவிலேயே அது நியூசிலாந்துக் கடற்பகுதியில் பாறையில் மோதியது. தகடுகள் நெளிந்தனவேயன்றிப் பிளக்கவில்லை. விளம்பரம் எதுவும் தரவியலாத நம்பிக்கையை அவ்விபத்து எஃகுக்குத் தந்தது எனலாம்.

அளந்தறிதல்

எஃகை ஏற்கத் தூண்டியவர் பீட்டரின் மகன் வில்லியம் டென்னி (1847–1887). ஒரு கப்பலின் முழுவேகத்தை மட்டும் அறிந்தால் போதாது என்பது அவர் கருத்து. வரையறுத்த ஒரு மைல் தொலைவில் பல்வேறு வேகங்களில் கப்பலைச் செலுத்தி, ஒவ்வொரு வேகத்துக்கும் வேண்டிய எந்திர ஆற்றலைப் பதிவு செய்யும் முறையை அவர் கைக்கொண்டார்.

இதன் அடுத்த படியே மாதிரிச் சோதனைத் தொட்டி. வில்லியம் ஃபுரூடு என்னும் பொறியாளர் பிரித்தானியக் கடற்படையின் பொருட்டு டார்க்கே நகரில் முதல் தொட்டியை அமைத்திருந்தார். கப்பலின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்குள்ள மாதிரியை, கப்பலின் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால் இரண்டும் எழுப்பும் அலைகளின் அமைப்பு ஒத்திருக்கும் என்பது அவர் கண்ட விதி. நீரின் உராய்வைத் தனியே கணக்கிட்டுச் சேர்த்தால் முழுக்கப்பலுக்கான தடையை முன்னரே அறியலாம். இவ்விதியைப் பின்பற்றி டென்னி நிறுவனம் 1883இல் ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள தொட்டியை டம்பார்டனில் அமைத்தது. வணிக நிறுவனம் ஒன்று அமைத்த உலகின் முதல் தொட்டி இதுவே. இங்கு மாதிரிகள் மெழுகால் செய்யப்பட்டன. மெழுகைச் செதுக்கி வடிவத்தைத் திருத்துவது எளிது.

இம்மாற்றத்தின் பொருள் ஆழமானது. மரக்கலம் கட்டிய முதியவரின் கண்ணளவும் கையளவும் அவரோடு மறைந்துபோகக் கூடியவை. தொட்டியில் பதிவான அளவோ ஏட்டில் நின்று, அடுத்து வருபவருக்குப் பயன்பட்டது. மூலப்பொருள் மாறிய காலத்தில் மகன் பெற்றுக்கொள்ளத்தக்க சொத்தாக அளவைமுறையை இக்குடும்பம் உருவாக்கியது.

தொழிலாளர் அறிவு

அறிவு குடும்பத்தாரிடம் மட்டும் இருப்பதன்று என்பதையும் வில்லியம் உணர்ந்திருந்தார். கருவிகளையும் வேலைமுறைகளையும் மேம்படுத்தும் வழிகளைக் கண்டறிந்து கூறும் தொழிலாளர்க்குப் பரிசளிக்கும் திட்டம் 1880இல் நடைமுறைக்கு வந்தது. கூலி குறித்த அவர் நிலைப்பாடு சிக்கலானது. துண்டு வேலைக் கூலி தொழிலாளரின் வருவாயை உயர்த்தும் என்று தொடக்கத்தில் வாதிட்டார். ஆனால் வேலை விரைவுபடுந்தோறும் கூலி வீதத்தைக் குறைக்கும் போக்கு உண்டு என்பதைப் பின்னர் உணர்ந்து, கூலி வீதத்தை வரையறுப்பதில் தொழிலாளர்க்கும் இடமளிக்க முற்பட்டார். தொழிலாளியின் அறிவைக் கேட்டுப் பெறும் நிறுவனம் அதன் பயனை அவரோடு எவ்வாறு பகிர்வது என்னும் வினா இங்கு எழுந்தது. அவ்வினா இன்றும் தீர்ந்தபாடில்லை.

பங்குடைமையும் ஐராவதியும்

பீட்டர் டென்னியின் வணிகமுறை வேறொன்றைச் சார்ந்திருந்தது. கப்பல் வாங்கும் நிறுவனங்களில் அவர் பங்குதாரராகச் சேர்ந்தார்; அந்நிறுவனங்கள் கப்பல் தேவைக்கு டம்பார்டனை நாடின. இதற்குச் சிறந்த சான்று, 1865இல் தோன்றிய ஐராவதி ஃபுளோட்டில்லா நிறுவனம். ஆழம் குறைந்த ஆற்றுக்குரிய துடுப்புச் சக்கரக் கலங்கள் டம்பார்டனில் உருவாக்கப்பட்டு, பகுதிகளாகக் கப்பலேற்றப்பட்டு, இரங்கூனை அடுத்த டாலா தளத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. இவற்றுட் பெரியவை 300 அடிக்கு மேல் நீளமுடையவை. கழற்றிப் பூட்டும் இதே முறையில்தான் ஸ்காட்லாந்தின் கேட்ரின் ஏரிக்கு உரிய ‘சர் வால்டர் ஸ்காட்’ கலமும் 1899இல் கட்டப்பட்டது.

ஐராவதிக் கலங்கள் நெல்லையும் தேக்கையும் மக்களையும் சுமந்தன. 1885இல் மண்டலையைக் கைப்பற்றச் சென்ற பிரித்தானியப் படையையும் சுமந்தன. கழிமுகப் பகுதியில் நகரத்தார் கடனுதவியால் விரிந்த நெல் விளைச்சல் சந்தையை அடைந்த வழிகளுள் இந்நீர்வழி முதன்மையானது. ஆகவே டம்பார்டன் தளத்தின் வேலைவாய்ப்பும் பர்மிய நெல்லும் பேரரசின் ஆட்சியும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின.

இம்முறையின் இடரும் விரைவில் வெளிப்பட்டது. தென்னமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப் போக்குவரத்தில் குடும்பம் இட்ட முதலீடு பேரிழப்பில் முடிந்தது. அப்பணியின் பொருட்டுச் சென்றிருந்த வில்லியம் 1887இல் புவனோஸ் அயர்ஸில் தம் 39ஆம் வயதில் இறந்தார்.

இறுதிக்காலம்

வில்லியத்தின் மறைவுக்குப் பின்னும் அவர் வகுத்த முறை தொடர்ந்தது. அவர் தம்பி ஆர்ச்சிபால்ட் டென்னியின் காலத்தில், நீராவிச் சுழலியால் இயங்கும் முதல் வணிகப் பயணியர் கப்பலான ‘கிங் எட்வர்ட்’ 1901இல் வெளிவந்தது. கப்பலின் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் டென்னி – பிரவுன் சமன்செய் கருவி 1930களில் உருவானது. ஆனால் மூன்றாவது தூண் சாய்ந்துகொண்டிருந்தது. ஜப்பானியப் படை முன்னேறிய 1942இல், பகைவர் கையில் சிக்காதிருக்க ஐராவதிக் கலங்களுட் பெரும்பாலானவற்றை நிறுவனத்தினரே மூழ்கடித்தனர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் அந்நீர்வழிப் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கியது. 1956இல் கப்பல் கட்டுமானத்தில் ஜப்பான் பிரித்தானியாவை முந்தியது. 1960களின் தொடக்கத்தில் காற்றுமெத்தைக் கலத்திலும் டென்னி நிறுவனம் முயன்று பார்த்தது. புதுமை குன்றவில்லை; வாங்குவோர் குன்றினர். சுமார் 1,500 கலங்களைக் கட்டிய அந்நிறுவனம் 1963இல் கலைக்கப்பட்டது.

முடிவுரை

குடும்ப நிறுவனங்களின் வீழ்ச்சிக்குப் பிற்கால வாரிசுகளின் திறமையின்மையைக் காரணமாகக் கூறுவது வழக்கம். டென்னி வரலாறு அதற்கு இடந்தரவில்லை. எஃகு பற்றிய அறிவும் அளவைமுறையும் தலைமுறைதோறும் வளர்ந்தே வந்தன. நிறுவனம் மூடப்பட்ட பின்னும் சோதனைத் தொட்டி பல ஆண்டுகள் பிறர் கையில் பணிசெய்தது. இன்று ஸ்காட்லாந்துக் கடல்சார் அருங்காட்சியகத்தின் பகுதியாக உள்ளது. வாரிசுகளால் காக்க முடியாமற்போனது சந்தையே. அது குடும்பத்தின் திறத்தால் மட்டும் வந்ததன்று, பிறர் நாட்டின்மீது செலுத்திய ஆட்சியாலும் வந்தது. பர்மாவில் தமிழர் பெற்ற செல்வமும் இழந்த செல்வமும் இதே ஆட்சியின் நிழலில் நிகழ்ந்தவை. அச்செல்வத்தின் வரலாற்றை ஆராய்வோர், அதனைச் சுமந்த கலங்களின் வரலாற்றையும் சேர்த்து ஆராய்வது பயனளிக்கும்.