விழாவும் பயணமும் ஓவியரின் தூரிகையும்

திருவண்ணாமலையில் வாழும் நமக்குப் பயணம் செய்யாமலே உலகைக் காணும் வாய்ப்பு உண்டு. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருவோரும், கார்த்திகைத் தீபத்திற்குத் திரளும் இலட்சக்கணக்கான மக்களும், ரமணாசிரமத்தை நாடி வரும் வெளிநாட்டாரும் நம் தெருக்களில்தான் நடக்கின்றனர். ஆயினும் "தீபத் திருவிழாவை வரைக" என்று மாணவியரிடம் சொன்னால் பெரும்பாலும் ஒரே படந்தான் கிடைக்கும். முக்கோணமாய் ஒரு மலை, உச்சியில் மஞ்சள் சுடர், அடியில் ஒரு கோபுரம். இதை வரைய விழாவுக்கே போக வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தாலே போதும். அப்படியானால் விழாவும் பயணமும் ஓவியருக்கு எதைத்தான் தருகின்றன? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதனை ஒரு பெண் ஓவியரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய விழைந்தோம்.

அம்ரிதா ஷெர்கில் 1913ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். தாய் ஹங்கேரியப் பெண்மணி. பாரிஸ் நகரில் ஓவியம் பயின்ற அம்ரிதா, 1932இல் தீட்டிய "இளம் பெண்கள்" என்னும் படத்திற்கு மறு ஆண்டே அந்நகரின் புகழ்பெற்ற சலோன் கண்காட்சியில் பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபதுதான்! அந்தப் பெருமையுடன் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் 1934இன் இறுதியில் இந்தியா திரும்பினார். 1936இன் இறுதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அஜந்தா, எல்லோரா குகைகளையும், கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கண்டு, கன்னியாகுமரி வரை வந்து சேர்ந்தார்.

கன்னியாகுமரிக்குப் போனால் நாம் எதை வரைவோம்? முக்கடலும் சூரியோதயமுந்தானே! அம்ரிதா அங்கே கண்டு தீட்டியது பழம் விற்கும் பெண்களை. ஊரின் பெயர் பெற்ற காட்சியை விட்டுவிட்டு, எவரும் நின்று பாராத முகங்களை அவர் பார்த்தார். இப்பயணத்தின் சாரமே இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அவருடைய பெரும் படைப்புகள் வழியில் பிறந்தவை அல்ல. சிம்லாவுக்குத் திரும்பிய பின்னர், அந்தக் குளிர்ந்த மலையூரில் அமர்ந்துதான் 1937இல் மூன்று தென்னிந்திய ஓவியங்களைத் தீட்டினார். அவை "மணமகளின் அலங்காரம்", "பிரம்மச்சாரிகள்", "சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்" என்பன. முதற்படத்தைக் கவனியுங்கள். கலியாணம் என்றால் நமக்கு மேளம், பந்தல், வாழைமரம் எல்லாம் நினைவுக்கு வரும். அவற்றுள் ஒன்றும் அதில் இல்லை. ஓர் அறை, நடுவில் மணப்பெண், சுற்றிலும் அவளை அலங்கரிக்கும் பெண்கள், அருகே சிறுவர். எவர் முகத்திலும் சிரிப்பில்லை. நிறங்களோ அஜந்தாச் சுவர்களின் செம்மண்ணும் காவியும் பழுப்பும். அஜந்தாவில் கண்ட நிறம் தென்னாட்டில் கண்ட மனிதர் மீது படிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வைத்தது பயணம்.

1941இல் லாகூரில் அவர் மறைந்தபோது வயது இருபத்தெட்டு. வசதியுள்ள குடும்பத்தார், நினைத்தபோது கப்பலேற முடிந்தது. நம்மில் பலருக்கு வேலூருக்குப் போய் வருவதே பெரிய பயணம். எனவே அதிகம் பயணம் செய்யாதோர் என்ன செய்வது என்னும் கேள்வி எழுவது நியாயமே.

அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு விடை இருக்கிறது. பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்த பீட்டர் புரூகெல் இளமையில் ஒருமுறை ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி சென்று வந்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து, 1565இல், "பனியில் வேட்டைக்காரர்" என்னும் படத்தைத் தீட்டியபோது, மலையே இல்லாத தம் நாட்டுக் கிராமத்தின் பின்னால் ஆல்ப்ஸ் சிகரங்களை நிறுத்தினார்! ஒரே பயணம் அவருக்கு ஆயுள் முழுவதும் போதுமானதாயிற்று. மற்றபடி அவர் பார்த்தது தம் ஊர்த் திருவிழாக்களையும் குடியானவர் கலியாணங்களையுமே. தவக்காலத்துக்கு முந்திய கேளிக்கையும் தவக்காலமும் சந்தையில் மோதிக்கொள்வதாக 1559இல் ஒரு படம் வரைந்தார். ஒரு பக்கம் பன்றியிறைச்சி, மறுபக்கம் மீன்; நம் கத்தோலிக்கத் தோழியர் பார்த்தால் நிச்சயம் சிரிப்பர். பெத்லகேமையும் பனி மூடிய தம் கிராமமாகவே வரைந்தார். நாம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஓலை வேய்வதில்லையா, அதைப் போலத்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1932இல் இங்கே பிறந்த ஏ.பி. சந்தானராஜ், சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்று பிற்காலத்தில் அதன் முதல்வராகவும் விளங்கியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோடு வரைவதில் வல்லவர் எனப் போற்றப்பட்ட அவர் 2009இல் காலமானார்.

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். பராசக்தி அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பர். நூற்றுக்கணக்கான கைகள், ஒரே வடம்! அன்றுதான் பிள்ளைவரம் வேண்டிப் பெற்றோர் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையை அதிலிட்டு, கரும்பின் இரு முனைகளையும் தோளில் தாங்கி மாட வீதியை வலம் வருவர். கரும்பின் கருஞ்சிவப்பு, சேலையின் மஞ்சள், அதனுள் துயிலும் பிஞ்சு முகம். தீபத்தன்று மாலையிலோ மலைக்கு முதுகு காட்டி நின்று கூட்டத்தைப் பார்க்க வேண்டும். எந்த மதத்தாராயினும் மொட்டை மாடிதோறும் கழுத்தை நிமிர்த்திக் காத்து நிற்பர். உச்சியில் சுடர் எழுந்த பின்னரே வீட்டு வாசல்களில் அகல் ஏறும். ஊர் ஒவ்வொரு வாசலாக ஒளி பெறும். இவற்றை அங்கேயே வரைந்து முடிக்க இயலாது. கையடக்க நோட்டில் நாலு கோடு இழுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து, சிம்லாவில் அமர்ந்த அம்ரிதாவைப் போல வரைய வேண்டியதுதான்.

மலைமேல் தீபம் பல நாள் எரிந்து ஓய்ந்த பின், கொப்பரையில் படிந்த கரியை எடுத்து மையாக்கி, மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்துவர். பிறகு அது பக்தர்க்கும் கிடைக்கும். விளக்குக் கரிதான் உலகெங்கும் ஓவியர் பயன்படுத்திய மிகப் பழைய கறுப்பு வண்ணங்களுள் ஒன்று.