அனுபவம் உடையோர் தொடக்கநிலைப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது

பணி அனுபவம் பெற்றவர்கள் பொதுவாக முந்தைய பதவியைவிட உயர்ந்த பதவியையே நாடுவர். எனினும், எட்டு அல்லது பத்து ஆண்டுகள் உழைத்த பின்னர், புதிதாகப் பட்டம் பெற்றவர்களுடன் தொடக்கநிலைப் பணிக்கு விண்ணப்பிப்போரும் நம் வாடிக்கையாளர்களிடையே உள்ளனர். நிறுவனம் மூடப்பட்டதால் வேலை இழந்தவர், குழந்தை வளர்ப்பிற்காகச் சில ஆண்டுகள் விலகியிருந்த பெண், தனியார் பணியிலிருந்து வங்கிப் பணிக்கோ அரசுப் பணிக்கோ மாற விரும்புபவர் என இவர்களுக்குரிய காரணங்கள் பலவாகும். இவர்கள் அனைவர் முன்னும் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. தேர்வு செய்பவர் நம் அனுபவத்தை எவ்வாறு நோக்குவார்? குறையும் வருவாயை நம் குடும்பம் எத்தனை காலம் தாங்கும்? முதல் கேள்வியைப் பற்றிப் பலரும் முன்கூட்டியே கவலை கொள்கின்றனர்; இரண்டாவதைப் பணியில் சேர்ந்த பிறகே கணக்கிடுகின்றனர். விண்ணப்பிக்கும் முன்பே இரண்டிற்கும் விடை காண்பது நலம்.

அனுபவத்திற்கு மதிப்பெண் உண்டா?

போட்டித் தேர்வு வழியே நிரப்பப்படும் பணிகளில் முந்தைய அனுபவம் தடையுமாகாது, சலுகையுமாகாது. பொதுத்துறை வங்கிகளுக்காக ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வுகளை எடுத்துக்கொள்வோம். எழுத்தர் நிலைப் பணிக்கு வயது வரம்பு 20 முதல் 28 வரை. புரொபேஷனரி அதிகாரி பணிக்கு 20 முதல் 30 வரை. உச்ச வயதில் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 3 ஆண்டுகளும், பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினருக்கு 5 ஆண்டுகளும் தளர்வு உண்டு. எழுத்தர் தேர்வில் நேர்காணலே கிடையாது. எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணே தீர்மானிக்கிறது. பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரும், சென்ற ஆண்டு பட்டம் பெற்றவரும் அங்கு ஒரே தளத்தில் நிற்கின்றனர். ஆகவே, இத்தகைய பணியை நாடுவோர் முதலில் தம் வயதையும், தேர்வுக்குப் படிக்கக் கிடைக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே அரசு அல்லது பொதுத்துறைப் பணியில் இருப்போர், தற்போதைய அலுவலகத்திடமிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டியிருக்கும். தேர்வில் வென்ற பின் இச்சான்றுக்காக அலைவதைவிட, விண்ணப்பிக்கும்போதே முறைப்படி தெரிவித்துவிடுவது நல்லது.

தேர்வாளரின் ஐயம்

தனியார் நிறுவனங்களில் நிலைமை வேறு. அங்கு விண்ணப்பத்தைப் படிப்பவர் மனத்தில் எழும் ஐயங்கள் மூன்று: இவர் சில மாதங்களில் விலகிவிடுவாரா? இந்த ஊதியம் இவருக்குப் போதுமா? தம்மினும் இளையவரின் கீழ்ப் பணிபுரிய உடன்படுவாரா? இம்மூன்றுக்கும் விடை தராத விண்ணப்பம், எத்தனை சிறப்பாக இருந்தாலும் ஒதுக்கி வைக்கப்படலாம்.

எனவே, துறை மாறுவதற்கான காரணத்தை இரண்டு வரிகளில் நேரடியாக எழுதுக. பழைய பதவிப் பெயர்களை அடுக்குவதைவிட, புதிய பணிக்கு உதவும் திறன்களை முன்வைப்பது பயன் தரும். கிடங்கு மேலாளராக இருந்தவர் கணக்குப் பிரிவில் தொடக்கநிலைப் பணிக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். எத்தனை பேர் தம் கீழ்ப் பணிபுரிந்தனர் என்பதைக் காட்டிலும், சரக்கு இருப்பைக் கணக்குப் புத்தகத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்ததையும், சரக்கு மற்றும் சேவை வரிக்கான பட்டியல்களைப் பேணியதையும் அவர் குறிப்பிடலாம். ஊதியம் பற்றிக் கேட்டால், அறிவிக்கப்பட்ட தொகையை ஏற்கத் தயார் என்று தெளிவாகக் கூறலாம்.

அனுபவத்தை முற்றிலும் மறைத்துவிடலாமே என்று சிலர் எண்ணுகின்றனர். அது வேண்டாம். வருங்கால வைப்பு நிதியின் உறுப்பினர்களுக்குப் பணி மாறினாலும் மாறாத பொதுக் கணக்கு எண் உள்ளது. முன்பு எங்கு, எப்போது பணிபுரிந்தோம் என்ற விவரம் அதனுடன் இணைந்திருக்கும். சரிபார்ப்பின்போது உண்மை வெளிப்பட்டால், கிடைத்த வேலையும் பறிபோகக்கூடும். தொடர்பற்ற பணிகளைச் சுருக்கமாகக் குறிப்பிடுவதில் தவறில்லை. இல்லாததாகக் காட்டுவதே தவறு.

குடும்பத்தின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கையில் மாதம் 50,000 ரூபாய் பெற்றவர், 32,000 ரூபாய் தரும் பணியில் சேர்கிறார். அவருடைய வீட்டுக் கடன் தவணை 14,000 ரூபாய். முன்பு வருவாயில் 28 விழுக்காடாக இருந்த தவணை, இப்போது ஏறத்தாழ 44 விழுக்காடாகிறது. முன்பு தவணை போக எஞ்சியது 36,000 ரூபாய். இனி 18,000 ரூபாய் மட்டுமே. குடும்பச் செலவுக்கு 24,000 ரூபாய் தேவையெனில், மாதந்தோறும் 6,000 ரூபாய் குறையும். இக்குறை இரண்டு ஆண்டுகள் நீடிக்குமெனில், 1,44,000 ரூபாய் கையிருப்பில் இருக்க வேண்டும்.

இத்தொகை இல்லாதவர்கள் தவணை தவறும்வரை காத்திராமல் கிளையை அணுக வேண்டும். கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்க இயலுமா என்பதை அப்போது ஆராயலாம். மொத்த வட்டி கூடும் என்பது உண்மையே. ஆயினும், தவணைகள் தவறிக் கடன் மதிப்பெண் சரிந்த பின்னர் கேட்பதைவிட, ஒழுங்காகச் செலுத்திவரும்போது கேட்பது எளிது.

விலகும் முன் பார்க்க வேண்டியவை

பணிக்கொடை: நிரந்தரப் பணியாளர் இதனைப் பெறப் பொதுவாக 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் என்பது கணக்கு. மாத ஊதியத்தை 26 நாட்களாகப் பகுத்து இது கணக்கிடப்படும். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் பெறுபவருக்கு, ஐந்தாண்டு நிறைவில் 75,000 ரூபாய் சேரும். நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் முடித்தவர், நாட்காட்டியைப் பார்த்த பின்னரே விலகல் கடிதம் எழுதுவது நன்று.

வருங்கால வைப்பு நிதி: 5 ஆண்டுத் தொடர் பணி நிறைவுறும் முன் இத்தொகையை எடுத்தால் வருமான வரி விதிக்கப்படலாம். புதிய கணக்கிற்கு மாற்றிக்கொண்டால் பழைய பணிக்காலமும் சேர்த்துக் கணக்கிடப்படும். ஓய்வூதியத்திற்குத் தேவையான 10 ஆண்டுப் பணிக்காலமும் இதனால் காக்கப்படும்.

மருத்துவக் காப்பீடு: நிறுவனம் அளித்த குழுக் காப்பீடு பொதுவாகப் பணி விலகலுடன் முடிவடையும். அதே காப்பீட்டாளரின் தனிநபர் திட்டத்திற்கு மாற இயலுமா என்பதை விலகும் முன்பே கேட்டறிக.

ஊதியக் கணக்கு: ஊதியம் வருவது நின்றபின் இது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறலாம், அப்போது குறைந்தபட்ச இருப்பு விதி பொருந்தக்கூடும். தவணைகள் இக்கணக்கிலிருந்து செல்கின்றனவெனில், அவற்றைக் கவனித்தல் அவசியம்.

வருமான வரி: நிதியாண்டின் இடையில் பணி மாறினால், முந்தைய ஊதியம் மற்றும் பிடித்தம் செய்யப்பட்ட வரியின் விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் அளிக்க வேண்டும். தவறினால் ஆண்டிறுதியில் வரிச்சுமை ஒருசேர வந்து சேரும்.

சேர்ந்த பின்னர்

பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியிடங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. பல ஆண்டுகள் படையில் பணியாற்றி, இளையோரை வழிநடத்திய இவர்கள், கிளைகளில் எழுத்தராக மீண்டும் தொடங்குகின்றனர். இவர்களில் பலருக்கு மேலாளர் வயதில் இளையவராகவே இருப்பார். கணினித் திரையையும் கணக்கு முறைகளையும் அவரிடமே கேட்டுக் கற்கின்றனர். கூட்டம் மிகுந்த நாளில் பதற்றமின்றி வரிசையை ஒழுங்குபடுத்தும் பழக்கமோ, அவர்களுடன் வந்த பழைய அனுபவம்.

அனுபவம் உடையவர் மீண்டும் தொடக்கநிலையில் நிற்பது இழிவன்று. கற்க வேண்டியவற்றைக் கற்க ஓராண்டும், குறையும் வருவாயை ஈடுகட்டப் போதிய கையிருப்பும் இருக்குமாயின், அத்தொடக்கம் உறுதியானதாக அமையும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன், ஒரு தாளில் குடும்பத்தின் வரவையும் செலவையும் எழுதிப் பாருங்கள். கடன் தவணை குறித்து ஐயம் எழுந்தால், அத்தாளுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள்.